கம்பத்திலிருந்து சுவர் வரை: கொழும்பு வீடுகளுக்கு வரும் வெளிக் கேபிள்கள் எப்படி?

வெள்ளவத்தையில் கடலை நோக்கி இறங்கும் ஏதாவது ஓர் ஒழுங்கையில் நின்று அண்ணாந்து பார்த்தால், ஒரே வீட்டின் சுவருக்கு நான்கைந்து கறுப்பு வயர்கள் வருவதைக் காணலாம். ஒன்று மின்சாரம், ஒன்று இணையம் கொண்டுவரும் பைபர் (கண்ணாடி இழைக் கேபிள்), ஒன்று எப்போதோ பேச்சு நின்றுபோன தொலைபேசி வயர். மற்றவை கூரையிலுள்ள டிஷ்ஷிலிருந்தும் கேட்டிலுள்ள கமராவிலிருந்தும் வருபவை. இவற்றில் சிலதை நாமே புறக்கோட்டையில் மீற்றர் கணக்கில் வாங்குகிறோம். சிலதை நிறுவனத்தார் கொண்டுவந்து இழுத்துவிட்டுப் போகிறார்கள். இரண்டையும் இங்கே ஒரே அளவுகோலால் பார்க்கிறோம்: வெயில், மழை, கடற்காற்று மூன்றையும் தாங்கிப் பத்து வருடம் நிற்குமா, நிற்காவிட்டால் எந்த இடத்தில் போகும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். நடுவானில் தொங்கும் பகுதி அபூர்வமாகவே கெடுகிறது. கெடுவது இரண்டு இடங்கள்: கேபிளைச் சுவரில் பிடித்திருக்கும் கொளுக்கி, அது வீட்டுக்குள் நுழையும் துளை. நல்ல கேபிளை வாங்கிவிட்டு அந்த இரண்டடி வேலையை யாரோ ஒருவரின் அவசரத்துக்கு விட்டுவிட்டால் கொடுத்த காசு வீண்.

எது எது?

கம்பத்தில் மின்சாரம் எப்போதும் மேலே. பழைய லைன் என்றால் பீங்கான் குமிழ்களில் ஒன்றன்கீழ் ஒன்றாக ஓடும் வெற்று அலுமினியக் கம்பிகள். புதிய லைன் என்றால் கயிறு போல முறுக்கிய தடித்த கறுப்புக் கேபிள். அதிலிருந்து பிரிந்து சுவரிலுள்ள இரும்பு பிரக்கட்டுக்கு வந்து, மின்மானிப் பெட்டிக்குள் இறங்குவதுதான் சேவை வயர். தொலைத்தொடர்பு வயர்கள் அதற்கு நன்றாகக் கீழே ஓடும். 5 மி.மீ. அகலமும் 2 மி.மீ. தடிப்புமாக ரிபன் போலத் தட்டையாக இருந்தால் பைபர். 8 என்ற இலக்கத்தின் வடிவில் உருண்டு இருந்தால் பழைய செப்புத் தொலைபேசி வயர். டிஷ் வயர் கம்பத்துக்குப் போவதே இல்லை; பென்சில் தடிப்பில் கூரையிலிருந்து நேரே வீட்டுக்குள் இறங்கும்.

நிறத்தை வைத்து எதையும் தீர்மானிக்கக் கூடாது, எல்லாமே கறுப்பு. மழைக்குப் பிறகு வாசலில் விழுந்து கிடப்பது பைபர்தான் என்று உறுதியாகத் தெரிந்தாலும் கை வைக்க வேண்டாம். அது மேலே எங்காவது மின்கம்பியில் சாய்ந்திருந்தால் அதன் உருக்குக் கம்பியிலும் 230 வோல்ட் நிற்கும். ஆட்களை விலக்கிவிட்டு, நகருக்குள் என்றால் 1987, கோட்டே, நுகேகொடை, மொரட்டுவைப் பக்கத்து லெகோ (லங்கா மின்சாரக் கம்பனி) இணைப்பென்றால் 1910 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள்.

தட்டைப் பைபர் கேபிள்

இந்தக் கூட்டத்தில் மிகச் சிறந்த பொருள் இதுதான். கனம் குறைவு, களிம்பேறும் செப்பு இல்லை, மின்கம்பிக்குப் பக்கத்தில் ஓடினாலும் இரைச்சல் ஏறாது. நடுவே பூச்சோடு சேர்த்து 0.25 மி.மீ. தடிப்புள்ள கண்ணாடி இழை. அதன் இரு பக்கமும் இரண்டு மெல்லிய காவல் கம்பிகள், இரும்பிலோ கண்ணாடி நாரிலோ. தனியே ஓர் ஓரத்தில் 1 அல்லது 1.2 மி.மீ. உருக்குக் கம்பி. கம்பத்துக்கும் சுவருக்கும் இடையிலான பாரம் முழுவதையும் இந்த ஓரக் கம்பிதான் சுமக்கிறது.

சுவரை அடைந்ததும் ஓரக் கம்பியைப் பிரித்துக் கொளுக்கியில் கட்டி, அங்கேயே வெட்டிவிட வேண்டும். உள்ளே போக வேண்டியது மீதியுள்ள 3 மி.மீ. ரிபன் மட்டும். கம்பியைப் பிரிக்காமல் மொத்தமாக ரவுட்டர் மேசை வரை இழுத்துவிடும் வேலையைப் பல வீடுகளில் பார்க்கலாம். பைபரில் மின்னல் வராது என்பது கண்ணாடி இழைக்கு உண்மை, உருக்குக் கம்பிக்கு உண்மையல்ல. மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரங்களில் இடி விழுகிற ஊரில், நீண்ட ஓர் இரும்புக் கம்பியை வீட்டுக்குள் கொண்டுவருவது தேவையில்லாத ஆபத்து.

அடுத்தது இழுவை. கேபிள் விறைப்பாக நின்றால் வேலை சுத்தம் என்று பலர் நினைக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். இந்தக் கேபிள் மீற்றருக்கு ஏறக்குறைய 20 கிராம். கம்பத்துக்கும் வீட்டுக்கும் இடையே 40 மீற்றர் என்றால், நடுவில் 40 செ.மீ. தொய்வு விட்டால் இழுவை சுமார் 10 கிலோ. தொய்வை 20 செ.மீ. ஆக்கினால் இழுவை 20 கிலோ. இன்னும் பாதியாக்கினால் 40 கிலோ. இந்த வகைக் கேபிளை நிரந்தரமாகத் தாங்கச் செய்யக்கூடிய இழுவை 30 கிலோ அளவில்தான் குறிக்கப்படுகிறது, காற்றும் தென்னோலையும் சேர்வதற்கு முன்பே. ஆகவே 40 மீற்றருக்கு அரை மீற்றர் தொய்வு அழகுக் குறை ஆகாது, அதுதான் சரியான அளவு. ஒழுங்கையைக் குறுக்கே கடக்கும் இடத்தில் குப்பை லொறியும் சாமான் ஏற்றிய லொறியும் தட்டாத உயரம் வேண்டுமென்றால், கேபிளை இறுக்காமல் சுவர்க் கொளுக்கியை மேலே ஏற்றுங்கள்.

அந்தக் கொளுக்கியை எதில் அடிப்பது என்பதில்தான் கொழும்பு வீடுகளில் அதிகம் தவறுகிறது. ஏணி எட்டும் இடத்தில், கூரை விளிம்பை மறைக்கும் வலன்ஸ் பலகை இருக்கும். ஆணி சுலபமாக இறங்கும். அதிலேயே அடித்துவிட்டுப் போகிறார்கள். நனைந்து நனைந்து உளுத்த பலகை ஒரு தென்மேற்குப் பருவத்தில் கொளுக்கியோடு கழன்று வரும். சுவரிலோ கொங்கிரீட் பீமிலோ ரோல் பிளக் வைத்து, குறைந்தது 50 மி.மீ. திருகாணியில் பூட்டச் சொல்லுங்கள். காலி வீதிக்குக் கடற்பக்கம் சாதாரண இரும்புக் கொளுக்கி சீக்கிரமே துரு ஒழுக ஆரம்பிக்கும். 316 தரத் துருவேறா உருக்குத்தான் அங்கே நிற்கும். 304 தரம் கடலிலிருந்து தள்ளிய உட்பகுதிகளில் போதும், கடலோரத்தில் அதிலும் பழுப்புப் புள்ளி விழும்.

வளைவைப் பற்றி: ஜி.657 ஏ2 என்ற, வளைவைத் தாங்கும் வகை இழையை 7.5 மி.மீ. ஆரம் வரை வளைக்கலாம் என்று தரநிறுவல் சொல்கிறது. அது வெறும் இழைக்கு. உறையோடு கூடிய கேபிளுக்கு 30 மி.மீ. என்று வைத்துக்கொண்டால் கவலையில்லை. சுவர் மூலையில் ஆணிக் கிளிப்பைச் சுத்தியலால் நசுக்குவதும், யன்னல் கதவிடுக்கில் கேபிளை விட்டு மூடுவதும் இழையை உடைக்காமலே ஒளியைத் தின்னும். அணில் கடித்தால் ஒரேயடியாக நிற்கும், அதைக் கண்டுபிடிக்கலாம். நசுங்கினால் சில நாள் வரும், சில நாள் வராது. அதுதான் தொல்லை.

அதற்கு ஒளி அளவைப் பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும். பல ரவுட்டர்களின் அமைப்புப் பக்கத்தில் பெறும் ஒளியின் அளவு டிபிஎம் என்ற ஒளி வலிமை அலகில் காட்டப்படும். தொலைத்தொடர்பு நிலையத்திலிருந்து ஏறக்குறைய +3 புறப்படுகிறது. வழியில் 32 வீடுகளுக்குப் பிரிக்கும் கண்ணாடிப் பிரிப்பான் 17 டெசிபெல்லை எடுத்துக்கொள்ளும். 3 கிலோமீற்றர் தூரத்துக்கு ஒன்று, இணைப்புகளுக்கு ஒன்றரை. உங்களிடம் −16, −17 வந்து சேர வேண்டும். வழக்கமான ரவுட்டர் −27 வரை வேலை செய்யும், −8க்கு மேல் ஒளி கூடினாலும் தடுமாறும். −25ஐவிடக் கீழே இறங்கியிருந்தால் இன்று இணையம் வந்தாலும் எங்கோ ஒரு கோளாறு இருக்கிறது. 3 டெசிபெல் குறைந்தால் ஒளி பாதியாகிறது என்பதை நினைவில் வைத்தால் இலக்கங்களின் கனம் புரியும். இணைப்பு புதிதாகக் கிடைத்த அன்றே அந்த இலக்கத்தைப் படம் எடுத்து வையுங்கள். பிறகு முறைப்பாடு செய்யும்போது “ஸ்லோவாக இருக்கிறது” என்பதைவிட “−17 இருந்தது, இப்போது −26” என்பதற்கு மறுபேச்சு இல்லை. சிவப்பு எல்ஓஎஸ் விளக்கு எரிந்தால் ஒளியே வரவில்லை என்று பொருள். ரவுட்டரை எத்தனை முறை அணைத்து எரியவிட்டாலும் பயனில்லை.

சுவர்ப் பெட்டியில் முனையை முடிக்க இரண்டு வழி. கையால் பொருத்தும் விரைவு இணைப்பி, இரண்டு நிமிட வேலை. உள்ளேயிருக்கும் பசை சூட்டில் காய்ந்தால் சில வருடங்களில் இழப்பு ஏறும். இன்னொன்று, இயந்திரத்தால் உருக்கி ஒட்டி 60 மி.மீ. காப்புக் குழாய் போடுவது, இழப்பு 0.1 டெசிபெல்லுக்கும் குறைவு. கேட்டுப் பெறக்கூடியதானால் இரண்டாவதையே கேளுங்கள். பச்சைத் தலையுள்ள இணைப்பியும் நீலத் தலையுள்ளதும் ஒன்றோடொன்று நுழையும், ஆனால் பச்சையின் முகம் 8 பாகை சரிவாக வெட்டப்பட்டது. கலந்து பொருத்தினால் ஒளி சிதறும், முகமும் கீறும். வேலை செய்யும் இணைப்பியின் முனையைக் கண்ணால் பார்க்கவே வேண்டாம். அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாதது.

மின் சேவை வயர்

இதை நாம் தெரிவு செய்ய முடியாது. மின்மானியும் அதற்கு முன்னாலுள்ள முத்திரையிட்ட பகுதியும் வழங்குபவருடையவை. செய்யக்கூடியது பார்ப்பதும் அறிவிப்பதும். பார்க்க வேண்டியது கம்பத்து முனை, சுவர் முனை இரண்டிலும் உள்ள இணைப்பு. லைன் அலுமினியம், வீட்டு வயர் செப்பு. இரண்டையும் நேரே முறுக்கினால் ஈரத்தில் அலுமினியம் அரித்து வெள்ளைப் பொடியாகும், இணைப்பு சூடாகும். இரு உலோகத்துக்கும் உரிய இணைப்பிதான் அங்கே இருக்க வேண்டும்.

நடுநிலைக் கம்பி (நியூட்ரல்) தளர்வதுதான் இவற்றுள் ஆகவும் மோசம். ஒற்றைக் கட்ட (சிங்கிள் பேஸ்) வீட்டில் விளக்கு மங்கி மினுங்கும், காற்றடிக்கும்போது கூடும். மூன்று கட்ட வீட்டில் நடுநிலை போனால் சில அறைகளில் விளக்கு மங்க, வேறு சில அறைகளில் கண்ணைப் பறிக்கும்படி எரியும். அழுத்தம் 400 வோல்ட் வரை நெருங்கலாம். அந்த நேரத்தில் ஆராய்ந்துகொண்டு நிற்காமல் மெயின் சுவிட்சை விழுத்துங்கள். பிரிட்ஜும் டிவியும் போவது நிமிடங்களில்.

மின்மானிக்குப் பிறகுள்ளது நம் பொறுப்பு. 30 அம்பியர் ஒற்றைக் கட்ட இணைப்புக்கு மின்மானியிலிருந்து மெயின் போர்டு வரை 7/1.35, அதாவது 10 சதுர மி.மீ. செப்பு போடுவதே எங்கள் பரிந்துரை. 7/1.04 அதாவது 6 சதுர மி.மீ. குறுகிய தூரத்துக்குத் தாங்கும். ஆனால் வெயில் விழும் சுவரில் குழாய்க்குள் ஓடும்போது அதன் திறன் இறங்குகிறது, ஏசியும் சுடுநீர் ஹீட்டரும் ஒன்றாக ஓடும் வீட்டில் மிச்சம் இருக்காது. கேட் விளக்குக்கு 7/0.67 போதும், மண்ணுக்கடியில் போனால் கவச கேபிளாக, இரண்டடி ஆழத்தில். வாங்கும்போது உறையிலேயே அளவும் எஸ்எல்எஸ் என்ற இலங்கைத் தரக் குறியும் தயாரிப்பாளர் பெயரும் அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். ஏசிஎல், களனி, சியரா என்று உள்நாட்டுத் தயாரிப்புகள் தாராளமாகக் கிடைக்கிற ஊரில் பெயரற்ற சுருளை வாங்கக் காரணமே இல்லை.

வெளியே ஓடும் வயர்களில் யாரும் திரும்பிப் பார்க்காதது பச்சை மஞ்சள் பூமி வயர். இலங்கையில் வழங்குபவரின் நடுநிலையை நாம் பூமியாகப் பயன்படுத்துவதில்லை. ஒவ்வொரு வீட்டுக்கும் தனிப் பூமிக் கோல் உண்டு, உயிர் காப்பது அதுவும் 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்சும் சேர்ந்துதான். முற்றத்துக்குக் கல் பதிக்கும்போது கோலின் தலையைச் சீமெந்தால் மூடிவிடுகிறார்கள். பித்தளைப் பிடி உள்ளே அரித்துத் தனியாகிவிடும். ட்ரிப் சுவிட்சிலுள்ள சோதனைப் பொத்தானை அமுக்கினால் சுவிட்ச் விழும்தான். அந்தச் சோதனை சுவிட்சின் உள்வேலையை மட்டும் பார்க்கிறது, பூமி இருக்கிறதா என்று சொல்லாது. கோலைத் திறந்து பிடியைச் சுத்தம் செய்து, கருவி வைத்து அளக்கச் சொல்ல வேண்டும்.

டிஷ், கமரா, பழைய தொலைபேசி

டிஷ்ஷுக்கு ஆர்ஜி 6 என்ற கோஅக்ஸியல் கேபிள். நடுக் கம்பியில் காந்தம் ஒட்டினால் அது செப்புப் பூசிய உருக்கு. 20 மீற்றருக்குள் பாதகமில்லை, நீளம் கூடினால் முழுச் செப்பு வாங்குங்கள், ஏனென்றால் டிஷ்ஷின் தலைக்கு 13 அல்லது 18 வோல்ட்டும் இதே கம்பியில்தான் போகிறது. வெள்ளை உறை வெயிலில் பொடிக்கும், கறுப்பு வாங்குங்கள். கேபிளைக் கொல்வது பெரும்பாலும் முனையில் இறங்கும் நீர்: உறைக்கு அடியிலுள்ள பின்னல் வலை திரி போல அதை உறிஞ்சி மீற்றர் கணக்கில் உள்ளே கொண்டுபோகும். இறுக்கி அழுத்தும் வகை இணைப்பி போட்டு, தன்னோடு தானே ஒட்டும் ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றினால் போதும்.

கமராவுக்கு Cat 6 என்ற வலையமைப்புக் கேபிள். கடையில் 305 மீற்றர் பெட்டி இரண்டு விதமாக இருக்கும், ஒன்றைத் தூக்கினாலே கனம் குறைவது தெரியும். கம்பியைக் கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளி நிறம்: செப்புப் பூசிய அலுமினியம். கேபிளிலேயே மின்சாரம் போகும் கமராவுக்கு அது உதவாது. தடை அதிகம், இரவில் அகச்சிவப்பு விளக்கு எரியும்போது கமரா தானாக மீளத் தொடங்கும். சாம்பல் நிற உட்புறக் கேபிளை மதிலோரம் வெயிலில் விட்டால் உறை வெடிக்கும். வெளியே கறுப்புப் பொலித்தீன் உறைதான். தனிக் கட்டடத்துக்கோ தூரத்துக் கேட்டுக்கோ போவதானால் செப்பை விட்டுப் பைபரே இழுங்கள், ஓர் இடியில் இரு பக்கத்துக் கருவிகளும் போகாது.

செப்புத் தொலைபேசி வயரில் சும்மா இருக்கும்போது 48 வோல்ட், மணி அடிக்கும்போது அதற்கும் மேல். இணைப்பு துண்டித்த பிறகும் தொங்கினால் அகற்றச் சொல்லுங்கள். பாரம் சுமந்து கொளுக்கியை ஆட்டுவதைத் தவிர அதனால் ஒரு பயனும் இல்லை.

தொடர்மாடிகளில் நிலைமை வேறு. மாடி மாடியாக ஏறும் பொதுக் குழாய் நிரம்பிவிட்டது என்று சொல்லிப் புதிய கேபிளை வெளிச்சுவரில் மொட்டை மாடியிலிருந்து தொங்கவிடுவார்கள். ஐந்து மாடி உயரம் கிளிப் இல்லாமல் தொங்கும் கேபிள் தன் கனத்தாலேயே மேல் விளிம்பில் மடிகிறது. நிர்வாகக் குழுவிடம் பேசி, குழாயிலுள்ள செத்த வயர்களை முதலில் இழுத்து எடுக்கச் செய்வதுதான் வழி. பெரும்பாலும் பாதிக்குப் பாதி இடம் கிடைத்துவிடும்.

துளை

மீற்றர் கணக்கில் வாங்கும்போது உறையில் ஒவ்வொரு மீற்றருக்கும் ஓர் இலக்கம் அச்சாகியிருக்கும். முதல் இலக்கத்தையும் கடைசி இலக்கத்தையும் கழித்தால் வாங்கிய நீளம். கடைக்காரர் கை வீச்சில் அளந்தாலும் இதைப் பாருங்கள். வேலை முடியும்போது சுவரோரம் ஒன்றரை மீற்றர் மிச்சத்தை ஒரு சாண் அகல வளையமாகக் கட்டி வைக்க வேண்டும். பின்னால் முனை உடைந்தால் அந்த மிச்சம்தான் புதுக் கேபிள் செலவைக் காப்பாற்றும்.

சுவரை உள்ளிருந்து வெளியே துளையுங்கள், வெளிப்பக்கம் சற்றுக் கீழாகச் சரியும்படி. பைபருக்கு மட்டும் என்றால் 12 மி.மீ. பிட் போதும். ஒரு துண்டுக் குழாயை உள்ளே செருகி, அதன் வழியே கேபிளை விட்டு, சிலிக்கனால் வாயை அடையுங்கள். சீமெந்து பூசி மூடினால் கேபிள் மாற்றும் நாளில் சுவரை உடைக்க வேண்டும். மூடாமல் விட்டால் எறும்பு சுவர்ப் பெட்டிக்குள் குடியேறும். மின் வயர் குழாயிலிருந்து ஓர் அடியாவது தள்ளியே துளை இருக்கட்டும். துளைக்கு வெளியே கேபிள் ஒரு சாண் கீழே தொய்ந்து, பிறகு மேலேறி உள்ளே நுழைய வேண்டும். நல்ல மழை பெய்யும்போது குடையோடு ஒருமுறை போய்ப் பாருங்கள்: தொய்வின் அடியிலிருந்து நீர் சொட்ட வேண்டும், துளையின் வாய் காய்ந்திருக்க வேண்டும்.